எழுபது இடங்கள்: வின்செஸ்டரும் ஈட்டனும், நான்கு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

லண்டன் வாட்டர்லூவில் ரயிலேறி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வின்செஸ்டரில் இறங்கினேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர் இங்கிலாந்துக்கு வந்தால் கேம்பிரிட்ஜுக்குத்தானே போவார், இங்கே என்ன வேலை என்று மகள் கேட்டாள். ராமானுஜனும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து உழைத்த டிரினிட்டி கல்லூரியைப் போன முறையே பார்த்தாயிற்று. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்கு எழுத்தர் ஒருவர் அனுப்பிய கடிதத்தைத் தூக்கிப் போடாமல் படித்த அந்த மனிதர், பையனாக இருந்தபோது எங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார் என்று பார்க்கும் ஆசை மட்டும் மிச்சமிருந்தது. ஜி. எச். ஹார்டி 1890 முதல் 1896 வரை படித்தது வின்செஸ்டர் கல்லூரியில். பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. 1382இல் சாசனம் பெற்றது, இன்றும் அதே இடத்தில் நடக்கிறது.

பள்ளிக்குள் நுழைவது நாளைக்குத்தான் என்பதால், அதை நிறுவியவரை இன்றே பார்த்துவிடலாம் என்று பேராலயத்துக்குப் போனேன். விக்கம் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த வில்லியம், அரசருக்குக் கட்டட வேலைகளை மேற்பார்த்தே மேலே வந்தவர். விண்ட்சர் கோட்டையில் மூன்றாம் எட்வர்டு எழுப்பிய புதிய கட்டடங்களுக்கு அவர்தான் பொறுப்பாளர். பிறகு வின்செஸ்டரின் ஆயர், இரண்டு முறை நாட்டின் சான்சலர். பேராலயத்தின் நீண்ட நடுக்கூடத்தைத் திருத்திக் கட்டும் வேலையை முன்னெடுத்தவரும் அவரே. அந்தக் கூடத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே, கல்லில் செதுக்கிய ஆயர் உடையில் மல்லாந்து படுத்திருக்கிறார். காலடியில் சாண் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட மூன்று துறவியர் உருவங்கள் உட்கார்ந்து கைகூப்பியிருக்கின்றன. பெரியவர்கள்தான் என்றாலும், அளவின் காரணமாக எனக்கு அவை பாடம் ஒப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளாகவே தெரிந்தன. தொழில் புத்தி.

1348-49 கொள்ளைநோயில் குருமார்கள் கூட்டங்கூட்டமாக இறந்துபோக, படித்த குருமாருக்குப் பஞ்சம் வந்தது. அதை ஈடுகட்டவே விக்கம் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜை 1379இலும், அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்ப இந்தப் பள்ளியையும் நிறுவினார். பள்ளியையும், அங்கிருந்து போய்ச் சேர வேண்டிய கல்லூரியையும் ஒருவரே இணைத்துக் கட்டியது அந்நாட்டில் அதற்கு முன் இல்லாத ஏற்பாடு. அவர் எழுதிவைத்த விதிகளில்தான் என் முழு ஆர்வமும் இருக்கிறது. பள்ளியில் எழுபது மாணவர்கள் இலவசமாகப் படிக்க வேண்டும். அவர்கள் ஏழைகளாகவும் உதவி தேவைப்படுபவர்களாகவும் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் ஐந்து மார்க்குக்கு, அதாவது மூன்று பவுண்டு ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸுக்கு மேல் தமக்கு இல்லை என்று பதினைந்து வயதில் சத்தியம் செய்ய வேண்டும். இவர்களோடு, பிரபுக்கள், செல்வாக்குள்ளவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் பத்துப் பேரைக் கட்டணம் பெற்றுச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி. எழுபதுக்குப் பத்து. இந்த விகிதத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

மாலையில் கிங்ஸ்கேட் என்னும் பழைய நகரவாயிலைக் கடந்து, அதன் தலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய தேவாலயத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலேஜ் தெருவில் நடந்தேன். 1817இல் ஜேன் ஆஸ்டின் இறந்த வீடு பள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. பள்ளியின் தெருப்பக்கச் சுவரோ ஒரு சிறைச்சாலையின் சுவர் போல நீள்கிறது. சாசனம் கிடைப்பதற்கு ஓராண்டு முன்புதான், 1381இல், குடியானவர் கலகம் நாட்டை உலுக்கியிருந்தது. ஊர்க்காரர்களை நம்பாத ஒரு கட்டடம் எப்படி இருக்குமோ அப்படித் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னல்களை உள்முற்றத்தின் பக்கம் திருப்பிவைத்திருக்கிறது.

இரண்டாம் நாள்

காலையில் வழிகாட்டியோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றினோம். வழிகாட்டி அறுபதைத் தாண்டிய பெண்மணி; கேள்வி கேட்டால் மகிழ்கிறவர். நான் மகிழ்வித்துக்கொண்டே இருந்தேன்.

வெளிவாயிலைத் தாண்டியதும் வெளிமுற்றம். அங்கே ஒரு காலத்தில் பியர் காய்ச்சிய கட்டடம் இப்போது நூலகமாகியிருக்கிறது. பிள்ளைகள் காலை உணவோடு பியர் குடித்த காலம் அது. மென்மையான பியர் அன்றைக்கு அன்றாடப் பானம். அடுத்த வாயிலின் மேலே கன்னி மரியாளின் சிலை, பதினான்காம் நூற்றாண்டில் வைத்தது, வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கடந்தால் சேம்பர் கோர்ட் என்னும் உள்முற்றம். மரியாளுக்கு மரியாதையாக இந்த முற்றத்தில் மாணவர்கள் தொப்பி அணிவதில்லை என்பது பழைய வழக்கம். நானும் என் வெயில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

1387 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 1394 மார்ச்சில் பிள்ளைகளைக் குடியேற்றிய கட்டடம் இது. தரைத்தளத்தில் ஆறு அறைகள், அவற்றில் எழுபது பேர். மாடியில் ஆசிரியரும் மற்றவர்களும் இருந்தார்கள். உதவித்தொகை மாணவர்கள் எழுபது பேரும் இன்றைக்கும் இதே முற்றத்தைச் சுற்றித்தான் வசிக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, பின்னால் ஒரு பையன் கறுப்பு மேலங்கி காற்றில் அலைய, கையில் இரண்டு நோட்டுகளோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க் கதவுக்குள் மறைந்தான். மேலங்கி இந்த எழுபது பேருக்கு மட்டுமே உரியது. அந்த நிமிடத்திலிருந்து மேலங்கிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். பேருந்தில் போனால் மைல்கல்லை எண்ணுகிற பழக்கம் சிறுவயதிலிருந்தே உண்டு. வெளியே வரும்வரை ஆறுதான் தேறியது.

சிற்றாலயத்தின் மேற்கூரை கல்லால் ஆனது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால், அது முழுக்க மரம். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் புகழ்பெற்ற கூரையைச் செய்த ஹியூ ஹெர்லண்டின் கைவேலை. கிழக்குச் சன்னலின் அடிமூலையில் தச்சர் ஹெர்லண்ட், கொத்தர் வின்ஃபர்ட், கண்ணாடிக்காரர் தாமஸ் ஆகியோரும் மண்டியிட்டிருக்கிறார்கள். நம் கோயில் தூண்களில் சிற்பி தன் உருவத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவது போல. ஆனால் இப்போது பெரும்பாலும் இருப்பது நகல்தான். 1820களில் சுத்தம் செய்யக் கழற்றி அனுப்பிய பழைய கண்ணாடிக்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி செய்து மாட்டிவிட்டார்கள். பழையதில் சில துண்டுகள் மட்டும் பின்னாளில் திரும்பி வந்தன.

சமையலறைக்கு வெளியே, உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் ‘நம்பிக்கையான வேலைக்காரன்’ என்னும் ஓவியம் தொங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றி, 1809இல் மறுபடி வரையப்பட்டது. மனித உடல், பன்றியின் மூக்கு, கழுதைக் காது, மானின் கால். வாயில் ஒரு பூட்டு. எதைப் போட்டாலும் தின்பான் என்பதற்குப் பன்றி, எசமானின் கோபத்தைப் பொறுப்பான் என்பதற்குக் கழுதை, ஏவிய வேலைக்கு ஓடுவான் என்பதற்கு மான், ரகசியத்தை வெளியிடமாட்டான் என்பதற்குப் பூட்டு என்று பக்கத்திலேயே இலத்தீன் செய்யுள் விளக்குகிறது. ஒரு கை நிறையத் துடைப்பமும் மண்வாரியும். மறு கை விரித்திருக்கிறது, நம்பகமானவன் என்று காட்ட. எல்லோரும் சிரித்துப் படம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியில், சாப்பிடப் போகும் வழியில், நல்ல வேலைக்காரனின் இலட்சணத்தை யார் யாருக்குச் சொன்னார்கள்? தொடங்கிய காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் படம் இருந்திருந்தால் அதில் தம் அப்பனைப் பார்த்திருப்பார்கள். பிந்திய காலத்துப் பிள்ளைகள் தம் வீட்டு வேலைக்காரனைப் பார்த்திருப்பார்கள்.

மாணவர் எண்ணிக்கை பெருகியபோது 1683 முதல் 1687 வரை கட்டிய பெரிய வகுப்புக்கூடத்துக்கு ‘ஸ்கூல்’ என்றே பெயர். அதன் சுவரில் ஒரு பெரிய பலகை: படி, அல்லது வெளியேறு, மூன்றாவதாக ஒன்று உண்டு, அடி வாங்கு என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. படிப்பவனுக்கு ஆயரின் மகுடமும் செங்கோலும், வெளியேறுபவனுக்கு வாளும் மைக்கூடும், இரண்டுமில்லாதவனுக்குப் பிரம்பு என்று பக்கத்தில் படங்கள். பிரம்பு என்றாலும் அது மரப்பிடியில் நான்கு ஆப்பிள் மிலாறுகளைச் செருகிய கருவி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட எனக்கு, நாடு மாறினாலும் வாத்தியார்களின் கற்பனை ஒரே திக்கில்தான் ஓடியிருக்கிறது என்று பட்டது.

சட்டாம்பிள்ளையும் இங்கே உண்டு. ஒவ்வோர் அறையிலும் வயதிலும் அறிவிலும் மூத்த மூன்று மாணவர்களாவது மற்றவர்களின் படிப்பையும் நடத்தையையும் கவனிக்க வேண்டும் என்று விக்கம் தம் விதிகளில் எழுதினார். ஆறு அறைகளுக்குப் பதினெட்டுப் பேர், அவர்களே பிரீஃபெக்டுகள். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை ‘மதராஸ் முறை’ என்று பெயரிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து பரப்பினார். அது ஏழைகளின் பள்ளிகளுக்குப் போயிற்று. இங்கே இருந்த ஏற்பாடோ வேறு வகையில் வளர்ந்தது. 1872இல் ஒரு பிரீஃபெக்ட் இன்னொரு மாணவனைச் சாம்பல்மரக் குச்சியால் முப்பது அடி அடிக்க, செய்தி நாளிதழ்களுக்குப் போய் நாடு முழுதும் பேச்சாயிற்று. அடிபட்டவன் செய்த குற்றம், பள்ளியின் குழூஉக்குறித் தேர்வுக்கு உட்கார மறுத்ததுதான்.

அந்தக் குழூஉக்குறிக்கு ‘நோஷன்ஸ்’ என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவன் முதல் இரண்டு வாரத்தில் அதைக் கற்றுத் தேற வேண்டும் என்பது பழைய வழக்கம். மாணவர்கள் பதின்மூன்று வயதானாலும் ‘மென்’, ஆசிரியர் ‘டான்’, மாலைப் படிப்பு நேரம் ‘டாய்டைம்’. டாய்ஸ் என்பது விளையாட்டுப் பொருள் அன்று. பொது அறையில் ஒவ்வொருவருக்கும் உரிய, பக்கங்கள் மறைத்த மர மேசை. கோடைப் பருவத்துக்குப் பெயர் ‘குளோய்ஸ்டர் டைம்’. வெயில் காலத்தில் வகுப்புகள் சிற்றாலயத்தின் நடைச்சுற்றுக்கு இடம் மாறிய காலத்தின் மிச்சம்.

இன்றைய நாளின் ஒழுங்கை வழிகாட்டி வேகமாகச் சொல்லி முடித்தார்: காலையில் சிற்றாலயம், பாடங்கள், வாரத்தில் சில பிற்பகல்கள் விளையாட்டு, சனிக்கிழமையும் வகுப்பு, இரவு டாய்டைம். நான் நிறுத்திக் கேட்டது ‘டிவ்’ பற்றி மட்டும். வரலாறு, இலக்கியம், கலை, தத்துவம் என்று ஆசிரியர் விரும்பிய எதையும் நடத்தும் அன்றாட வகுப்பு அது. அதற்கு வெளித்தேர்வு எதுவும் கிடையாது. இவ்வளவு கடுமையாகத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அதன்பின் தேர்வே இல்லாத ஒரு பாடத்தை நாள்தோறும் நடத்துகிறார்கள். என் பணிக்காலத்தில் ‘இது பரீட்சைக்கு வருமா சார்’ என்ற கேள்வியை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது.

பழைய நாள் இப்படி இல்லை. காலை ஐந்து மணிக்கு ‘சூர்கிதே’, எழுந்திருங்கள் என்று ஒரு குரல். படுக்கையைச் சுருட்டி, அறையைப் பெருக்கி, குளிரில் சிற்றாலயத்துக்குப் போய், ஒன்பது மணிக்குத்தான் ரொட்டியும் பியரும் என்று பழைய இலத்தீன் செய்யுள் ஒன்று பாடிவைத்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருக்கவும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1793இல் கதவுகளை அடைத்துக்கொண்டு, சுதந்திரத்தின் சிவப்புத் தொப்பியைக் கட்டடத்தின் மேல் ஏற்றினார்கள். 1818இல் மறுபடி கலகம். அதை அடக்கத் துப்பாக்கி முனையில் ஈட்டி பொருத்திய படைவீரர்கள் வர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள்

இன்று செயின்ட் கேதரின் குன்று. பாசி கூடத் தெளிவாகத் தெரியும் இட்சென் ஆற்றங்கரையில் நடந்து, படிகளில் ஏறி, மூச்சுவாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆண்டில் ஒருநாள் விடியற்காலையில் பள்ளி முழுவதும் இந்தக் குன்றேறும் வழக்கத்துக்கு ‘மார்னிங் ஹில்ஸ்’ என்று பெயர். உச்சியில் பீச் மரக்கூட்டமும், புல்தரையில் வெட்டிய ஒரு கோலம் போன்ற சுழல்பாதையும் இருக்கின்றன. விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பையன் ஏக்கத்தில் வெட்டியது என்று கதை சொல்கிறார்கள். விடுதிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இப்படிக் கதை வைத்திருப்பார்கள்.

உச்சியில் உட்கார்ந்து நேற்றைய கணக்கை நேர்செய்தேன். எழுபது இடங்களுக்கு ஆளெடுக்கும் முறைக்கு அன்றும் இன்றும் ‘எலெக்‌ஷன்’ என்றுதான் பெயர். நியூ காலேஜின் தலைவரும் உடன் இருவரும் ஆண்டுதோறும் வின்செஸ்டருக்கு வந்து, நடுவாயிலின் மேலுள்ள அறையில் உட்கார்ந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. காலப்போக்கில் சோதனை சடங்காகி, தேர்வாளர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி இடத்தை நிரப்பினார்கள். ‘பாடத் தெரியுமா?’ என்று கேட்பார்களாம், பையன் பைபிள் சங்கீதப் பாடல் ஒன்றின் வரியைப் பாடாமலேயே ஒப்பிப்பானாம், முடிந்தது தேர்வு. நிறுவியவரின் வம்சத்தார் என்று நிரூபித்தவர்களுக்கு முன்னுரிமை வேறு. ஐந்து மார்க் சத்தியம் விதியில் இருந்தது, ஏழைகள்தான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீர்திருத்தம் வந்து, எல்லோருக்கும் பொதுவான போட்டித் தேர்வு வைத்தார்கள். அந்தத் தேர்வில் வென்று உள்ளே வந்தவர்தான் ஹார்டி. பின்னாளில் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனும் அப்படி வந்தவரே.

கட்டணம் கட்டிய அந்தப் பத்துப் பேர் என்ன ஆனார்கள்? அவர்கள் பத்து இல்லங்கள் ஆனார்கள். இன்று பள்ளியில் எழுநூறு பேர் அளவில் படிக்கிறார்கள். எழுபது பேர் பழைய முற்றத்தில், மற்றவர்கள் பெரும்பாலும் நகரில் சிதறிக் கிடக்கும் பத்து விடுதிகளில். எழுபதுக்குப் பத்தாக இருந்தது எழுபதுக்கு அறுநூற்றுச் சொச்சமாகத் தலைகீழாகிவிட்டது. அந்த விடுதியொன்றில் இருந்து தலைமை மாணவரானவர் ரிஷி சுனக். 2022 முதல் மேல்நிலை வகுப்புகளில் பெண்களையும் சேர்க்கிறார்கள். எழுபதில் இடம்பிடிப்பது இன்று பணத்தைவிடப் பெருமைக்குரியது; கட்டணச் சலுகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. தேர்வு எழுத வரும் பிள்ளையும் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் அதற்கென்றே பழக்கப்பட்டு வருகிறது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்புகளைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹார்டிக்கு இந்தப் பள்ளியின் படிப்பில் மதிப்பு இருந்தது. இங்கத்திய வாழ்க்கை பிடிக்கவில்லை. மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பையன். தேர்வுகளில் முந்தி முந்தியே மேலே போனவர், கேம்பிரிட்ஜில் ஆசிரியரானதும் டிரைபாஸ் கணக்குத் தேர்வின் தரவரிசையை ஒழிக்கப் போராடினார். 1909ஓடு அது நின்றது. அதே ஆண்டுகளில் கும்பகோணத்துப் பையன் ஒருவன் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றவற்றில் தோற்று உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாமல், மாதம் முப்பது ரூபாய் எழுத்தர் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தான். அந்தக் கடிதம் வரிசை எண்களை நம்பும் ஒருவர் கைக்குப் போயிருந்தால் என்ற நினைப்பு, குன்றிலிருந்து இறங்கும்வரை விடவில்லை. அவருக்கு முன் அதே ராமானுஜனிடமிருந்து கடிதம் பெற்ற பிற கணித அறிஞர்களும் டிரைபாஸில் தேறியவர்கள்தாம்.

நான்காம் நாள்

பேசிங்ஸ்டோக், ரெடிங், ஸ்லவ் என்று வண்டி மாறி மாறி விண்ட்சருக்கு வந்தேன். விக்கம் மேற்பார்த்த கோட்டையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பாலத்தில் தேம்ஸைத் தாண்டினால் ஈட்டன். 1440இல், பதினெட்டு வயது ஆறாம் ஹென்றி, வின்செஸ்டரை நேரில் போய்ப் பார்த்து, அதன் விதிகளைப் பின்பற்றி, அதன் தலைமையாசிரியர் வெயின்ஃப்ளீட்டையும் அழைத்துக்கொண்டு தொடங்கிய பள்ளி. சீக்கிரமே எண்ணிக்கையும் அதேதான் ஆயிற்று: எழுபது. முந்தாநாள் மூலப்படியைப் பார்த்தவனுக்கு இங்கே படியெடுத்த இடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன; அதனால் நிறைய எழுதவில்லை.

ஒன்றை மட்டும் நின்று பார்த்தேன். ‘லோயர் ஸ்கூல்’ என்னும் மிகப் பழைய வகுப்பறையில் தூண்கள், சன்னல் கதவுகள், மேசைகள் என்று கத்தி பாய்ந்த இடமெல்லாம் பெயர்கள். ஒரு சன்னல் கதவில் எழுத்தின் மேல் எழுத்து ஏறி, விரலால் தடவினால் பலாத்தோலைத் தடவுவது போல இருக்கிறது. இதற்கு மாடியில்தான் ‘லாங் சேம்பர்’. உதவித்தொகை மாணவர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை இரவு எட்டு மணிக்கு உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள், காலைவரை பெரியவர் எவரும் கிடையாது, எலிகள் உண்டு. கட்டணம் கட்டியவர்கள் ஊருக்குள் வசதியான விடுதிகளில் இருந்ததால் அவர்களுக்கு ‘ஆப்பிடன்’, ஊரார் என்று பெயர். 1840களில் புதுக் கட்டடம் எழும்பும்வரை, எழுபதில் இடமிருந்தும் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். இலவசம் என்பதால் வந்த நிலைமை என்று நான் சொல்லமாட்டேன். கேட்பார் இல்லாததால் வந்தது.

இன்று ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பையன்கள், பெண்கள் இல்லை. ஆண்டுக் கட்டணம், 2025 ஜனவரியில் வந்த வரியோடு சேர்த்து, அறுபதாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. முன்தேர்வைப் பத்து, பதினொரு வயதிலேயே எழுதிவிட வேண்டும். இருபது பிரதமர்கள் படித்த பள்ளி என்பதை வழிகாட்டி இரண்டு முறை சொன்னார். பிரதமராகாமல் பர்மாவுக்குப் போலீஸ் வேலைக்குப் போன எரிக் பிளேர், அதாவது ஜார்ஜ் ஆர்வெல், எழுபதில் ஒருவராக இருந்தவர். அவரைப் பற்றி நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது வகுப்பு மாறும் நேரம். வால்கோட்டும் கோடுபோட்ட கால்சட்டையும் அணிந்த பையன்கள் தெருவை நிரப்பிக்கொண்டு போனார்கள். அந்தக் கறுப்புக்குள் மேலங்கி அணிந்த கறுப்பைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. தேவாலயத்து மூலையில் மூன்று, சாலையைக் கடக்கையில் இரண்டு, ஒருவன் மேலங்கியைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தான், அவனையும் சேர்த்துக்கொண்டேன். பாலத்துக்குப் போகும்வரை ஒன்பது தேறியது. ஸ்லவ் வண்டிக்கு நேரமாகிவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.